கிலோவுடன் ஒரு மல்யுத்தம்

காடுமேடுகளில் ஓடும் மின்சார மோட்டார் சைக்கிளை எடை குறைவாகவும், எட்டக்கூடிய விலையிலும் செய்துவிட முடியுமா? பெங்களூரின் ஒரு முயற்சியும், அதை எடைபோட உதவும் சில கணக்குகளும்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே பெங்களூரின் பழைய மெட்ராஸ் ரோட்டில் கிழக்கு நோக்கி மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிவிடுகின்றன. வாரம் முழுவதும் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருக்கும் கைகள் அன்று ஒரு நாள் ஆக்ஸிலரேட்டரை முறுக்குகின்றன. கோலார் பக்கத்துச் செம்மண் மேடுகள், பாறைச் சரிவுகள், வறண்ட ஏரிக்கரைகள்: இவைதான் இலக்கு. போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில், புதிதாகப் பழகுபவர் யாராக இருந்தாலும் ஒரு பாடம் படித்துவிடுகிறார். வண்டி மண்ணில் சாயும். அதைத் தானேதான் தூக்கி நிறுத்த வேண்டும். முதல் முறை தூக்கினால் பெருமை. பத்தாவது முறை இடுப்பு ஒடிகிறது. குதிரைத் திறன், வேகம் என்ற பேச்செல்லாம் அடங்கி மனதில் ஒரே ஒரு எண்தான் நிற்கிறது: வண்டியின் எடை.

2019-ல் வெளிவந்து, இந்த வட்டாரத்தில் பலருக்கும் முதல் மண் வண்டியாக அமைந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-இன் எடை 150 கிலோவைத் தாண்டும். இன்றும் இளைஞர்கள் பழைய விலையைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்கும் யமஹா ஆர்எக்ஸ் 100 சுமார் 100 கிலோதான். இந்த இரண்டுக்கும் நடுவே, பெட்ரோலே இல்லாமல் ஒரு வண்டி செய்யப்போவதாக 2025 மார்ச் 5-ம் தேதி பெங்களூரில் ஓர் அறிவிப்பு வந்தது. அல்ட்ராவயலெட் நிறுவனம் அறிவித்த அந்த வண்டியின் பெயர் ஷாக்வேவ். எடை 120 கிலோ.

அதனுடன் நிறுவனம் வெளியிட்ட மற்ற எண்களும் சாதாரணமானவை அல்ல. பேட்டரி 4 கிலோவாட்-மணி, அதாவது மின் கட்டண ரசீதின் மொழியில் 4 யூனிட். திறன் 14.5 குதிரைத் திறன். ஒரு முறை சார்ஜ் செய்தால் 165 கி.மீ. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 கி.மீ. வேகத்தை எட்ட 2.9 விநாடி. உச்ச வேகம் 120 கி.மீ. விலை முதல் ஆயிரம் பேருக்கு 1.50 லட்சம் ரூபாய், பிறகு 1.75 லட்சம். டெலிவரி 2026-ன் முதல் காலாண்டில் என்று சொன்னது நிறுவனம்.

நாராயண் சுப்ரமணியம், நீரஜ் ராஜ்மோகன் என்ற இரு நண்பர்கள் 2016-ல் தொடங்கிய நிறுவனம் இது. ஓசூரின் டிவிஎஸ் மோட்டார் இதில் ஆரம்பக் காலத்திலேயே முதலீடு செய்தது. 2022 நவம்பரில் சந்தைக்கு வந்த இவர்களது முதல் வண்டியான எஃப் 77 தார்ச் சாலைக்கானது. அதன் பெரிய பேட்டரி 10.3 யூனிட், வண்டியின் எடை 200 கிலோவுக்கு மேல். அதே கம்பெனி அடுத்து 120 கிலோவுக்கு இறங்கியது என்றால், எங்கோ கத்தி வைத்திருக்கிறார்கள். எங்கே வைத்தார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது.

பெங்களூருக்கு இந்த மோகம் புதிதல்ல. சேத்தன் மைனியின் ரேவா மின்சாரக் கார் 2001-ல் இங்கிருந்துதான் புறப்பட்டது. சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் தொடங்கிய ஏத்தர், தன் முதல் ஸ்கூட்டரை 2018-ல் இந்த ஊர் வாடிக்கையாளர்களிடம்தான் ஒப்படைத்தது. மண் பாதைப் பந்தயத்திலும் ஊருக்குப் பெயர் உண்டு. 2015-ல் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர் சி.எஸ். சந்தோஷ் பெங்களூர்க்காரர், கோலார் அருகே அவர் அமைத்த பயிற்சிக் களத்தில் இன்று புதியவர்கள் பழகுகிறார்கள். 2019-ல் பாஹா உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவை வென்ற ஐஸ்வர்யா பிஸ்ஸேவும் இந்த ஊர்தான். மின்சார வண்டி செய்யத் தெரிந்தவர்களும் மண்ணில் ஓட்டத் தெரிந்தவர்களும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். இரண்டு கூட்டமும் சந்திக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அரை லிட்டருக்கும் கீழே

மின்சார மோட்டார் மண் பாதைக்கென்றே பிறந்தது போன்றது. கிளட்ச் இல்லை, கியர் இல்லை. பாறை மேல் ஏறும்போது எஞ்சின் திணறி அணைந்துபோகும் பயம் இல்லை. சக்கரம் சுழலத் தொடங்கும் கணத்திலேயே முழு இழுவிசையும் கிடைத்துவிடும். சைலன்சர் சூட்டில் கால் வேகாது. புதிதாகப் பழகுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

வேண்டியது ஒன்றுதான்: பேட்டரி இளைக்க வேண்டும். பிரச்சினையின் அளவைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போதும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ. அதில் அடங்கிய ஆற்றல் சுமார் 9 யூனிட். ஷாக்வேவின் 4 யூனிட் பேட்டரி முழுவதும் சேர்ந்தால்கூட அரை லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாகாது. ஆனால் இன்றைய லித்தியம் பேட்டரி, உறை, ஒயர், மின்னணு அட்டை எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு ஆறேழு கிலோ வரும். அப்படியானால் 4 யூனிட் என்பது 25 கிலோவுக்கு மேல்.

நல்லவேளையாக மோட்டார் சிக்கனமானது. பெட்ரோல் எஞ்சின் தன் வயிற்றில் போவதில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மீதி சூடாகவும் புகையாகவும் போகிறது. மின்சார மோட்டாரோ நூற்றுக்கு 85-க்கு மேல் சக்கரத்தில் சேர்க்கிறது. இதையும் சேர்த்துப் பார்த்தால் 4 யூனிட் பேட்டரி சுமார் ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். ஒன்றரை லிட்டரை நம்பிக் காட்டுக்குள் போகிறோம் என்று வைத்துக்கொண்டால் நிலைமை விளங்கும். பெட்ரோல் தீரத் தீர வண்டி இலேசாகும். பேட்டரி தீர்ந்தாலும் அதே கனம்தான்.

அதனால்தான் வடிவமைப்பாளரின் மேஜையில் எப்போதும் ஒரே மல்யுத்தம் நடக்கிறது. எடை, தூரம், விலை என்ற மூன்றில் இரண்டைப் பிடித்தால் மூன்றாவது நழுவிவிடும்.

உலகம் கற்ற பாடம்

மற்றவர்கள் எந்த இரண்டைப் பிடித்தார்கள் என்று பார்த்தால் இது தெளிவாகும். ஸ்பெயினின் பார்சிலோனாவில் இயங்கும் ஸ்டார்க் ஃப்யூச்சர் 2021 டிசம்பரில் அறிமுகப்படுத்திய வார்க், எடையையும் ஆற்றலையும் பிடித்தது. 110 கிலோ எடை, 6 யூனிட் பேட்டரி, 80 குதிரைத் திறன். மெக்னீசியமும் கார்பன் ஃபைபரும் தாராளமாகப் போட்டார்கள். விலை நழுவியது: சுமார் 12,000 யூரோ. அப்போதைய மதிப்பில் 10 லட்சம் ரூபாய்.

சீனாவின் சோங்சிங் நகரிலிருந்து வந்த ஸர்-ரான், எடையையும் விலையையும் பிடித்தது. சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் நிற்கும் அதன் சிறிய வண்டி 50 கிலோ சொச்சம்தான். பேட்டரி சுமார் 2 யூனிட். உலகமெங்கும் இளவட்டங்கள் அதை மொய்த்தார்கள். தூரம் நழுவியது.

ஆஸ்திரியாவின் கேடிஎம் தன் ஃப்ரீரைடு மின்சார வண்டியை 2014-லிருந்தே விற்றது. பின்னர் வந்த மாடலில் 3.9 யூனிட் பேட்டரி, சுமார் 110 கிலோ. ஷாக்வேவுக்கு மிக நெருங்கிய உறவு என்று இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதன் விலை நம் ஊர் வாடிக்கையாளர் எண்ணிப் பார்க்கக்கூடியதல்ல.

இந்தத் தொழிலில் கவிழ்ந்தவர்களும் உண்டு. பந்தயங்களில் பெட்ரோல் வண்டிகளுடன் மோதிப் பெயர் வாங்கிய அமெரிக்காவின் ஆல்ட்டா 2018 அக்டோபரில் கடையை மூடியது. அழகான, இலேசான வண்டிகளால் பத்திரிகைகளின் செல்லப்பிள்ளையாக இருந்த ஸ்வீடனின் கேக் 2024 பிப்ரவரியில் திவாலானது. வண்டி நன்றாக இருந்தால் மட்டும் போதாது. வாங்குபவர் பணப்பையும் பொருந்த வேண்டும் என்பதுதான் இவை சொல்லும் சேதி.

இந்தியப் பணமும் இதில் இறங்கியிருக்கிறது. சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டின் தாய் நிறுவனமான ஐஷர் மோட்டார்ஸ், 2022 டிசம்பரில் ஸ்டார்க் நிறுவனத்தில் 5 கோடி யூரோ முதலீட்டை அறிவித்தது. 2023 நவம்பரில் மிலான் கண்காட்சியில் மின்சார ஹிமாலயன் ஒன்றைச் சோதனை வண்டியாகக் காட்டியது ராயல் என்ஃபீல்டு. அதே கண்காட்சியில் ஹீரோவின் விடா பிரிவு, சிறுவர்களோடு வளரும்படி உயரத்தை மாற்றக்கூடிய மின்சார மண் வண்டியின் மாதிரியை வைத்தது. ஆனால் பெரியவர்கள் ஓட்டும்படியான இலேசான மண் வண்டியை, ரோட்டிலும் ஓட்டும்படி, இரண்டு லட்சத்துக்குள் தருகிறேன் என்று விலை சொன்ன பெருமை பெங்களூருக்குத்தான்.

505-ன் சூட்சுமம்

ஒப்பிடும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். ஷாக்வேவின் விளம்பரத்தில் பெரிதாக நிற்கும் எண் 505 நியூட்டன் மீட்டர். 200 சி.சி. பெட்ரோல் வண்டியின் தாளிலோ 17 என்று இருக்கும். முப்பது மடங்கு பலமா? இல்லை. 505 என்பது சக்கரத்தில் அளந்த முறுக்குவிசை. 17 என்பது எஞ்சினில் அளந்தது. முதல் கியரில் சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சின் 25 முதல் 30 முறை சுற்றும். அந்தப் பெருக்கத்தைச் செய்தால் பெட்ரோல் வண்டியின் சக்கரத்திலும் 500-ஐ ஒட்டித்தான் வரும்.

இன்னொன்று. 14.5 குதிரைத் திறனையும் 505-ஐயும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மணிக்குச் சுமார் 25 கி.மீ. வேகம் வரைதான் முழு முறுக்குவிசையும் கிடைக்க முடியும். அதன் பிறகு படிப்படியாகக் குறையும். இது குறையல்ல. மண் மேட்டில் ஏறுபவர் அந்த வேகத்தில்தான் ஏறுகிறார். அதே கணக்கை நீட்டினால் 60 கி.மீ. வேகத்தை எட்ட மூன்று விநாடி என்பதும் ஏறக்குறையப் பொருந்திப்போகிறது. தாளில் உள்ள எண்கள் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை என்பது ஆறுதல்.

அடுத்தது திறன். மின்சார மோட்டாருக்கு இரண்டு திறன்கள் உண்டு: சில விநாடிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தருவது ஒன்று, சூடேறாமல் மணிக்கணக்கில் தருவது மற்றொன்று. விளம்பரத்தில் பெரும்பாலும் வருவது முதலாவது. மணலில் மெதுவாக, முழு ஆக்ஸிலரேட்டரில், ஏப்ரல் வெயிலில் உழும்போது தேவைப்படுவது இரண்டாவது. காற்று வீசாத அந்த வேகத்தில் மோட்டாரும் அதை இயக்கும் மின்னணுப் பெட்டியும் கொதிக்கத் தொடங்கும். உடனே வண்டி தானாகவே திறனைக் குறைத்துக்கொள்ளும். வாங்கப்போகிறவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: தொடர்ந்து எவ்வளவு?

இரண்டாவது கேள்வி தூரம். 165 கி.மீ. என்பது நிர்ணயிக்கப்பட்ட சோதனை முறைப்படி, நிதானமான வேகத்தில், சமதளக் கணக்கில் வரும் எண். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 24 வாட்-மணி. மண் பாதையில் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு செலவாவது சகஜம்.

மலை ஏறுவதால்தான் பேட்டரி தீர்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. நந்தி மலையின் உச்சி 1,478 மீட்டர். அடிவாரத்திலிருந்து ஏற்றம் சுமார் 500 மீட்டர். 120 கிலோ வண்டியும் 75 கிலோ ஆளும் அவ்வளவு உயரம் ஏறுவதற்கு மட்டும் செலவாவது 300 வாட்-மணிதான். பேட்டரியில் நூற்றுக்கு எட்டுப் பங்குகூட இல்லை. இறங்கும்போது அதில் கொஞ்சம் திரும்பியும் கிடைக்கலாம். உண்மையான திருடர்கள் வேறு: சக்கரத்தை விழுங்கும் மணலும், முறுக்குவதும் பிரேக் பிடிப்பதுமாக மாறி மாறி ஓட்டுவதும்தான். ஆகவே 4 யூனிட்டில் நிஜமான மண் பாதை ஓட்டம் 50 முதல் 80 கி.மீ. என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். காலையில் பழகிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புபவருக்கு இது போதும். ஆனால் பெங்களூரிலிருந்து கோலாருக்கு ஓட்டிக்கொண்டே போய், அங்கே ஆடிவிட்டு, ஓட்டிக்கொண்டே திரும்ப நினைப்பவருக்கு நடுவில் ஒரு பிளக் பாயிண்ட் தேவைப்படும். ஏரிக்கரையில் அது கிடையாது. டீசல் ஜெனரேட்டரை இழுத்துப்போய் மின்சார வண்டியை சார்ஜ் செய்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

எங்கே கத்தி வைப்பது

எடை குறைப்பதில் எல்லா இடத்திலும் கை வைக்க முடியாது. சக்கரத்துக்குள்ளேயே மோட்டாரைப் பதித்தால் செயின் மிச்சம், மலிவும்கூட. பல ஸ்கூட்டர்களில் அப்படித்தான். மண் பாதையில் அது ஆகாது. சக்கரம் கனத்தால் சஸ்பென்ஷன் அதைக் கட்டுப்படுத்தத் திணறும். ஒவ்வொரு கல்லும் முதுகில் இடிக்கும். ஆகவே மோட்டாரை வண்டியின் நடுவில் வைத்து செயின் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். கனமான பேட்டரியும் நடுவில், கீழே இருக்க வேண்டும். ஆனால் அங்கேதான் பாறை வந்து மோதும். வயிற்றுக்குக் கவசம் தேவை. கவசத்துக்கும் எடை உண்டு.

சட்டமும் எடையைக் கூட்டுகிறது. 2022-ன் கோடையில் நாட்டின் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தன. அதன் பிறகு மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கியது. 2022 டிசம்பரிலிருந்து இரண்டு கட்டமாக அவை அமலுக்கு வந்தன. தீ பரவாதபடி தடுப்பு, தண்ணீர் புகாத உறை, ஆபத்தை முன்கூட்டியே எச்சரிக்கும் ஏற்பாடு எல்லாம் அவசியம். ஓடையைக் கடக்கும் வண்டிக்கு இவை வேண்டியவைதான். ஆனால் ஒவ்வொன்றும் சில நூறு கிராம். ரோட்டில் ஓட ஹெட்லைட், ஹாரன், நம்பர் பிளேட், இண்டிகேட்டர் வேறு. பந்தயத் திடலுக்கென்றே பிறந்த ஸ்டார்க் வார்க் 110 கிலோவில் நின்றதற்கும், ஷாக்வேவ் குறைந்த பேட்டரியோடு 120-ஐத் தொட்டதற்கும் பாதிக் காரணம் இதுதான். மீதிக் காரணம் விலை. கார்பன் ஃபைபர் போட்டால் பத்து கிலோ குறையலாம். இரண்டு லட்சத்துக்குள் விற்க முடியாது.

வெளிநாட்டு இலேசு வண்டியை இறக்குமதி செய்து ஓட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ.க்கும் உட்பட்ட மின்சார வண்டிகளுக்குத்தான் நம் நாட்டில் பதிவும் லைசென்ஸும் வேண்டாம். அதைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம். சான்றும் பதிவும் இல்லாத ஒன்றை வீட்டிலிருந்து பயிற்சித் திடல் வரை ஓட்டிக்கொண்டு போவதே குற்றம். வேனில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். வேன் வைத்திருப்பவர்களின் விளையாட்டாக இது இதுவரை இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சத்தமில்லாமை இன்னொரு வம்பு. புகையும் இரைச்சலும் இல்லாததால் ஊருக்குப் பக்கத்திலேயே பழகலாம். அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் அதே மௌனம், போகக்கூடாத இடத்துக்குப் போகும் துணிச்சலையும் கொடுக்கும். சத்தம் இல்லையென்பதற்காகக் காப்புக்காடு பொதுவழி ஆகிவிடாது. அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். மண் அரிப்புக்கு பெட்ரோல் டயர், மின்சார டயர் என்ற வித்தியாசம் தெரியாது. ஒற்றையடிப் பாதையின் வளைவில் எதிரே ஆடு ஓட்டி வருபவருக்கும் வண்டி வருவது காதில் விழாது.

யாருக்காக?

பெங்களூரிலிருந்து 40 கி.மீ. தொலைவிலுள்ள ஓசூரிலிருந்து 1980-ல் ஓர் இலேசான வண்டி வந்தது. டிவிஎஸ் 50. அதை யாரும் மண் பாதை வண்டி என்று விளம்பரம் செய்யவில்லை. ஆனால் வரப்பிலும் வாய்க்கால் மேட்டிலும், பால் கேன், புல்லுக்கட்டு, உரமூட்டை சகிதம் அதுதான் ஓடியது. சேற்றில் சிக்கினால் ஒரே ஆள் தூக்கி வெளியே வைத்துவிடலாம். எடைக் குறைவின் அருமையை இந்தியாவுக்குச் சொல்லிக்கொடுத்தது பந்தய வீரர்கள் அல்ல, பால்காரர்கள்.

இன்றைய மின்சார மண் வண்டி ஞாயிற்றுக்கிழமை இளைஞர்களைக் குறிவைத்துத்தான் வருகிறது. அதில் தவறில்லை. இறக்குமதி வண்டிக்குப் பல லட்சம் கொடுக்க முடியாத பையனோ பெண்ணோ ஒன்றரை லட்சத்தில் பழகத் தொடங்கினால், அடுத்த சந்தோஷும் அடுத்த ஐஸ்வர்யாவும் வசதியான வீட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. நான்கு யூனிட் மின்சாரத்துக்கு முப்பது ரூபாய் சொச்சம். பயிற்சிச் செலவும் குறையும்.

ஆனால் ஜவ்வாது மலையிலும் குடகுத் தோட்டங்களிலும் தினமும் கரடுமுரடான பாதையில் போய்வருபவருக்குத் தேவைப்படுவதும் இதே வண்டிதான்: இலேசாக, கிளட்ச் இல்லாமல், மேட்டில் திணறாமல் ஏறுவது. அவருக்கு 120 கி.மீ. வேகம் வேண்டாம். பின்னால் ஒரு கேரியர் வேண்டும். கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் சார்ஜ் செய்யும் பேட்டரி வேண்டும். விலையில் இன்னும் ஐம்பதாயிரம் குறைய வேண்டும். பெங்களூரின் வடிவமைப்பாளர்கள் கிலோவோடு நடத்தும் மல்யுத்தத்தில் ஜெயித்தார்களா என்பதை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தீர்மானிக்காது. திங்கட்கிழமை காலை பால் கேனோடு மலை இறங்குபவர் எந்த வண்டியில் இறங்குகிறார் என்பதுதான் தீர்ப்பு.